கூல் வோட்டர் வுமன்: ஆம்பிளைச் சென்ட்டில சீனி கரைச்சதா, வேற சமையலா?

கேள்வி, ஜூன் 7

கூல் வோட்டர் வுமன் எடுக்கலாமா எண்டு யோசிக்கிறன். கல்முனையில ஒரு கடையில ஆம்பிளைப் போத்தலையும் பொம்பிளைப் போத்தலையும் பக்கத்தில பக்கத்தில வச்சு அடிச்சுக் காட்டினாங்க. எனக்கு விளங்கினது இதுதான்: ஆம்பிளைக் கூல் வோட்டரில சீனியக் கரைச்சு, மேல ரெண்டு பழத்த வெட்டிப் போட்டிருக்காங்க. பேர் ஓடுது, அதால விக்கிறாங்க. பிழை எண்டால் சொல்லுங்க.

ஜூன் 7, இரவு

பிழை. ஆனா பாதிப் பிழைதான்.

1988இல் வந்த கூல் வோட்டரையும் 1996இல் வந்த கூல் வோட்டர் வுமனையும் செய்தது ஒரே ஆள், பியேர் பூர்டோன். சமைச்சவர் ஒராள் எண்டதால கறியும் ஒண்டாகாது. ஆம்பிளைப் போத்தலுக்கு முதுகெலும்பு டைஹைட்ரோமேர்செனோல் எண்ட மணச் சாமான். தேசிக்காய்த் தோல், லவெண்டர், கொஞ்சம் இரும்புத் தகடு, எல்லாம் சேர்ந்த குளிர்ச்சி அது. தோய்ச்சுக் காயப்போட்ட உடுப்பு மணம் எண்டு சொன்னா எல்லாருக்கும் விளங்கும், ஏனெண்டா சவர்க்காரத் தூளுக்கும் அதே சாமான் போகுது. அதுக்கு மேல புதினா, ரோஸ்மேரி. அடியில மரப்பாசி, புகையிலை, அம்ப்ரொக்சான் எண்ட வறண்ட மணச் சாமான்.

பொம்பிளைப் போத்தல் நிக்கிறது கலோன் எண்ட மணச் சாமானில. 1966இல் ஃபைசர் கம்பனி ஆய்வுகூடத்தில கிடைச்ச சாமான். வத்தகப்பழத்த வெட்டின உடன வாற பச்சைத் தண்ணி மணமும், தூரத்துக் கடல் காத்தும் சேர்ந்த மாதிரி இருக்கும். நம்மட பக்கத்து மூக்குக்குச் சொல்றதெண்டா, பழுத்த வெள்ளரிப்பழம் தானா வெடிக்கிற நேரம் வாற மணம். அதோட அன்னாசி, தாமரை, லில்லி, மல்லிகை. அடியில பீச், சந்தனம், வனிலா, மஸ்க்.

அப்ப சீனி மேல கொட்டல்ல. அடியில இருந்த தண்ணியையே மாத்திப்போட்டாங்க. "பேர் ஓடுது, விக்கிறாங்க" எண்ட பாதி மட்டும் சரி.

ஜூன் 8, காலை

நேற்று விட்ட விசயம். இப்படி ஆம்பிளைச் சென்ட்டுக்குப் பின்னால வாற பொம்பிளைச் சென்ட்ட எடைபோடும்போது ரெண்டு கேள்விய ஒண்டாக் குழப்பிறாங்க. மூத்ததுக்கும் இளையதுக்கும் உறவு இருக்கா எண்டது ஒண்டு. இளையது தன்னளவில நல்லதா எண்டது மற்றது. உறவே இல்லாம நல்லா இருக்கிறது உண்டு, அச்சு அசலா உறவு இருந்தும் பாவிக்க முடியாததும் உண்டு. கடையில ரெண்டையும் பக்கத்தில வச்சு அடிச்சா முதலாம் கேள்விக்குத்தான் மறுமொழி வரும். காசு குடுக்கிறது ரெண்டாம் கேள்விக்கு.

செய்யிற முறை: பிறிஸ்டல் போட் (தடிச்ச கடதாசி அட்டை) எடுத்து ஒரு சென்ரிமீற்றர் அகலம், பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளத்தில வெட்டுங்க. நுனியில பென்சிலால மட்டும் அடையாளம் போடுங்க, பேனை மைக்கு மணம் இருக்கு. பதினைஞ்சு சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிச்சு ஒரு அடி. அரை நிமிசம் அல்ககோல் பறக்க விட்டுத்தான் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோறது. கடதாசியில முட்ட வேணாம். 5 நிமிசம், 30 நிமிசம், 2 மணித்தியாலம், 4 மணித்தியாலம், 6 மணித்தியாலம். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லாவது எழுதி வையுங்க. "நல்லம்" எண்டு எழுதினா அது சொல் இல்ல. "வத்தகை", "சவர்க்காரம்", "பால்", "மரத்தூள்" எண்டு எழுதுங்க.

அதுக்குப் பிறகு தோல். இடது முழங்கை உட்பக்கம் மூத்தது, வலது பக்கம் இளையது, ஒவ்வொரு அடி. மணிக்கட்ட மணிக்கட்டோட தேய்க்க வேணாம். தேய்ச்சா சூடும் வரும், தோல் எண்ணெயும் கலக்கும். முதல் பத்து நிமிசத்துக்குள்ள என்ன இருந்தது எண்டு பிறகு கேட்டும் தெரியாது.

ஜூன் 8, மதியம்

மினுங்கிற பக்கம் உள்ள போட் வேணாம், உறிஞ்சாது. பழைய கலியாண அழைப்பு அட்டையும் வேணாம், அதில ஏற்கனவே ஒரு சென்ட் இருக்கும்.

ஜூன் 9

"வன் மில்லியனும் லேடி மில்லியனும் ஒண்டுதானே, அப்ப கூல் வோட்டர் மட்டும் ஏன் வேற" எண்டு ஒருவர் கேட்டிருக்கார். அங்க ஒண்டா இருக்கிறது போத்தல்ட தங்க நிறம் மட்டும்தான். வன் மில்லியன் 2008: மண்டரின் தோடம்பழம், புதினா, கறுவா, தோல், அம்பர். லேடி மில்லியன் 2010: தோடம்பூ, ராஸ்பெரி, தேன், பச்சூலி. செய்த ஆக்களும் வேற வேற. தங்கக் கட்டிக்குச் சோடியா வைரம் ஒண்டு வேணும் எண்டு போத்தல் கேட்டது, உள்ளுக்கு இருக்கிறது கேக்கல்ல.

இன்விக்டஸ் (2013), ஒலிம்பியா (2015) சோடியில மெய்யான உறவு இருக்கு, உப்பு. ஆம்பிளைப் போத்தலில கடல் உப்போட கிறேப்ஃப்ரூட், அடியில அம்பர்கிரிஸ் (திமிங்கிலத்தில இருந்து வாற மணப் பொருள்) சாயல். பொம்பிளைப் போத்தலில அதே உப்ப வனிலாவில போட்டிருக்காங்க. கண்ண மூடிக்கொண்டு மணந்தாலும் ஒரு குடும்பம் எண்டு பிடிக்கலாம். வனிலா பிடிக்காதவங்களுக்கு அந்த உறவால ஒரு பிரயோசனமும் இல்ல.

உறவுக்கு ஆக நல்ல உதாரணம் எண்டா, பேரே மாறின சோடியத்தான் சொல்லுவன். எட்மோன் ருட்னிட்ஸ்கா 1966இல் டியோருக்கு ஓ சொவாஜ் செய்தார், ஆம்பிளைகளுக்கு. ஹெடியோன் எண்ட மல்லிகைக் காத்து மாதிரியான சாமானப் பெயர் பெறச் செய்தது அது. 1972இல் அதே ஆள் பெண்களுக்கு டியோரெல்லா செய்தார்: எலுமிச்சை, துளசிச் சாயல், அதுக்குள்ள பழுத்த பீச், கீழ மரப்பாசி. ஓ சொவாஜ்ட எலும்ப அப்படியே வச்சுச் சதைய மாத்தியிருக்கார். போத்தலில "பெண்களுக்கான ஓ சொவாஜ்" எண்டு ஒரு எழுத்து இல்ல. பேரக் குடுத்து உறவக் குடுக்காத இப்பத்தைய சோடிகளுக்கு நேர் எதிர்.

ஜூன் 9, பின்னேரம்

பின்னால வந்தது எண்டா எப்பவும் பொம்பிளைப் போத்தல்தான் எண்டும் நினைக்க வேணாம். ஆக்வா டி ஜியோ பெண்களுக்கு 1995, ஆண்களுக்கு 1996. இஸ்ஸே மியாக்கே 1992, ஆண்களுக்கு 1994. லைட் ப்ளூ 2001, ஆண்களுக்கு 2007. அப்பாமார்ட ஷேவிங் மணம் எண்டு எல்லாரும் சத்தியம் பண்ற ஓல்ட் ஸ்பைஸ் கூட 1937இல் முதல்ல பெண்களுக்குத்தான் வந்தது. ஆம்பிளைகளுக்கு அடுத்த வருசம்.

ஜூன் 10

சமன் இல்லாத ஒப்பீடு பற்றி. வன் மில்லியன் முதல்ல வந்தது ஈ.டி.ரி.யா (ஓ த துவாலெட்), லேடி மில்லியன் ஈ.டி.பி.யா (ஓ த பர்ஃபம்). இன்விக்டஸ், ஒலிம்பியாவும் அப்படித்தான். மணச் சாமான் ஈ.டி.ரி.யில கிட்டத்தட்ட 5 தொடக்கம் 15 வீதம், ஈ.டி.பி.யில 10 தொடக்கம் 20 வீதம் எண்டு பொதுவாச் சொல்லுவாங்க. ரெண்டு எல்லையும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறுது, அதால அந்த மூண்டெழுத்த மட்டும் பார்த்து எது கனநேரம் நிக்கும் எண்டு சொல்ல ஏலாது. ஆனா "இளையதுதான் நல்லா நிக்குது" எண்டு தீர்ப்புச் சொல்ல முதல் பெட்டியத் திருப்பிப் பாருங்க. கூல் வோட்டர் சோடி ரெண்டும் ஈ.டி.ரி., அதால இந்த ஒப்பீடு நேர்மையானது.

இன்னொரு முறை. கண்ண நம்பாம மூக்க மட்டும் நம்பிறதெண்டா மூண்டு துண்டுச் சோதனை. வேறொருவர் மூண்டு கடதாசி எடுத்து ரெண்டில ஒரு சென்ட்டையும், ஒண்டில மற்றதையும் அடிச்சுத் தரணும். எது தனி எண்டு சொல்லணும். குருட்டுவாக்கில சரியா வர வாய்ப்பு ரெண்டில ஒண்டு. ஆறு தரம் செய்யுங்க.

ஜூன் 10, இரவு

ரெண்டில ஒண்டு இல்ல, மூண்டில ஒண்டு. மூண்டு துண்டு எண்டு எழுதிப்போட்டு அடுத்த வரியிலயே பிழை விட்டாச்சு. கணக்கு இப்படி: ஆறுக்கு நாலு சரியெண்டா அது குருட்டுவாக்கிலயும் பத்துக்கு ஒரு தரம் வரும், நம்ப ஏலாது. அஞ்சு அல்லது ஆறு சரியெண்டா குருட்டுவாக்கில வர வாய்ப்பு 100க்கு 2க்கும் குறைவு. அஞ்ச எல்லையா வையுங்க. ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் நடுவில ரெண்டு நிமிசம் விடுங்க. கோப்பிக் கொட்டை மணக்கத் தேவையில்ல, அதுவும் ஒரு மணம்தான். வெளிய வந்து சும்மா காத்த இழுத்தாப் போதும்.

ஜூன் 12

"இவ்வளவு ஆராய்ச்சி ஒரு சென்ட்டுக்கா" எண்டு கேட்டவருக்கு: ஓம். புடவைக் கடையில சாறிய விரிச்சுப் பார்க்காம எடுப்பீங்களா?

ஜூன் 13

இப்ப கச்சான் காத்து அடிக்குது. இந்த மாதத்தில மட்டக்களப்பில சென்ட் சோதிக்கிறவங்களுக்கு இது தனி விசயம், ஏனெண்டா சென்ட்டப் பற்றி வாசிக்கிறது எல்லாம் குளிர் நாட்டு மூக்கு எழுதினது.

கச்சான் காத்து சூடு, வறட்சி. தோல் காயுது, பிடிச்சு வைக்க ஈரமும் இல்ல, எண்ணெயும் இல்ல. மேல் மணம் அடிச்ச கையோட பறந்திடும். ஆம்பிளைக் கூல் வோட்டரில இதால பெரிய நட்டமில்ல: டைஹைட்ரோமேர்செனோல் போனாலும் அடியில அம்ப்ரொக்சான் நிக்கும், அது வறண்ட மணம், சூட்டுக்கு ஒத்துப்போகும். பொம்பிளைப் போத்தலில நட்டம் கூட. அன்னாசியும் சிட்ரசும் முதல்ல போகுது. தாமரையும் லில்லியும் மெலியுது. கலோன் பிடிவாதக்காரன், அவன் நிப்பான். ஆனா சுத்தியிருந்த பூவெல்லாம் போன பிறகு தனியா நிக்கிற கலோன் வெட்டி வச்சு நேரமான வத்தகை மாதிரி ஒரு வெளிறின மணம். அதோட கீழ இருந்து பீச்சும் வனிலாவும் எழும்பி வந்தா, பகல் பன்னிரண்டு மணிக்குத் திகட்டும்.

அதே போத்தல் மார்கழியில வேற ஆள். வாடைக் காத்து, மழை ஈரம், மெதுவா விரியும், பூப் பகுதி நீண்ட நேரம் கேக்கும். ஒரு நாள் சோதிச்சுத் தீர்ப்பு எழுதினா அது சென்ட்டுக்கான தீர்ப்பு இல்ல, காத்துக்கான தீர்ப்பு. இப்ப சோதிக்கிறதெண்டா காலையில குளிச்ச கையோட, மணமில்லாத கிறீம் ஒரு பட்டாணி அளவு பூசி, அஞ்சு நிமிசம் விட்டு அதுக்கு மேல அடிங்க. ஒரு கைக்குக் கிறீம், மற்றக் கைக்கு ஒண்டுமில்ல எண்டு வச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும்.

ஜூன் 13, இன்னொண்டு

தேங்காயெண்ணெய மறந்துட்டன். தலைக்கு வச்ச எண்ணெய்க்கும், கிறீமுக்குப் பதிலாக் கைக்குப் பூசின எண்ணெய்க்கும் சொந்த மணம் இருக்கு. அது லக்டோன் எண்ட, பால் மாதிரி மணக்கிற சாமான் இனம். பீச்சும் லக்டோன்தான். ரெண்டும் சேர்ந்தா பால் பாயாசம் மாதிரி ஒரு கனம் வரும், கூல் வோட்டர் வுமனில குளிர்ச்சி எண்டு மிஞ்சினதும் போகும். ஆம்பிளைப் போத்தலில பீச் இல்ல, அதால அங்க இந்தச் சேர்க்கை நடக்காது. பின்னிக் கட்டின தலைக்குக் கிட்டக் கழுத்தில அடிக்கிறத விட்டு, உடுப்புக்கு உள்பக்கம் இடுப்புக்கு மேல ஒரு அடி. பட்டுக்கும் வெள்ளை உடுப்புக்கும் நேரா அடிக்க வேணாம். பட்டில வட்டம் விழும். வனிலின் (வனிலா மணச் சாமான்) உள்ள சென்ட் நாள்போக மண்ணிறமாகும், வெள்ளையில அந்தக் கறை தெரியும்.

ஜூன் 15

காத்தான்குடியில அத்தர்க் கடையில கூல் வோட்டர் வுமன் எண்ணெயா எடுக்கலாமே, அல்ககோல் இல்லாம எண்டு கேள்வி.

எடுக்கலாம். ஆனா அத வச்சு மூலப் போத்தல எடைபோட ஏலாது. அல்ககோல் செய்யிற வேலை தூக்கிறது. அது பறக்கும்போது மேல் மணத்தையும் தூக்கிக்கொண்டு மூக்குக்குக் கொண்டுவரும். எண்ணெயில அந்தத் தூக்கல் இல்ல. தோலோட ஒட்டி, அடியில இருக்கிறதையே நீட்டி இழுக்கும். ஆம்பிளைப் போத்தலுக்கும் பொம்பிளைப் போத்தலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மேலயும் நடுவிலயும்தான். அதால எண்ணெயில ரெண்டும் இன்னும் கிட்ட வந்த மாதிரித் தெரியும். உங்கட முதல் கேள்வியில இருந்த "சீனி கரைச்சது" எண்ட கதைக்கு எண்ணெய் வடிவம் நல்லாப் பொருந்தும். போத்தலில ஒட்டின பேர் ஒண்டா இருந்தா உள்ள இருக்கிற கலவையும் ஒண்டு எண்டு இல்ல. ஒரு கடை எண்ணெய்க்கும் அடுத்த கடை எண்ணெய்க்கும் வித்தியாசம் இருக்கும்.

நல்ல அத்தர் வேணுமெண்டா, பேர் போன சென்ட்டுக்குக் கொப்பி தேடாம, தாழம்பூவோ வெட்டிவேரோ சந்தனமோ கேளுங்க. எண்ணெய்க்குப் பொருந்தின மணம் அது.

ஜூன் 18

டெஸ்டர் போத்தல். கடைக் கண்ணாடி அலுமாரியில விளக்குச் சூட்டில மாதக்கணக்கில நிக்கிற டெஸ்டரில சிட்ரஸ் மணம் பழுதாகியிருக்கும். முதல் அடியில நெயில் பொலிஷ் மாதிரியோ பழைய எண்ணெய் மாதிரியோ வந்தா அத வச்சுத் தீர்ப்பெழுத வேணாம். பத்து நிமிசம் கழிச்சு வாறதத்தான் நம்பணும். பழம் கூட இருக்கிற பொம்பிளைப் போத்தல்தான் இதில கூட அடிபடும்.

கொப்பியப் பிடிக்கிறது: பெட்டிக்கு அடியில உள்ள பட்ச் இலக்கமும் (எந்தத் தொகுதியில செய்தது எண்டு காட்டுற இலக்கம்) போத்தலுக்கு அடியில உள்ளதும் ஒண்டா இருக்கணும். உறிஞ்சுற குழாய் திரவத்துக்குள்ள கிட்டத்தட்டத் தெரியாம இருக்கணும், தடிச்ச வெள்ளைக் குழாய் எண்டா யோசியுங்க. அடிச்சா புகை மாதிரி வரணும், துளியாச் சிந்தக் கூடாது. கடைசிச் சோதனை நேரம்தான்: கொப்பியில முதல் பத்து நிமிசம் சரியா இருக்கும், அரை மணித்தியாலத்தில நடு மணமே இல்லாம நேரா இனிப்பு மஸ்க்குக்கு விழும்.

பெட்டியில சாமான் பட்டியலையும் பாருங்க. பியூட்டைல்ஃபீனைல் மீதைல்ப்ரொபியோனல் எண்டு இருந்தா கொப்பி. அது லிலியல், 2022 மார்ச் 1 தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில தடை.

ஜூன் 19

லிலியல் இருந்தா கொப்பி எண்டு எழுதின வரிய வெட்டிப்போடுங்க. லிலியல் பட்டியலில இருந்தா பழைய இருப்பா இருக்கலாம், தடை இல்லாத சந்தைக்குச் செய்ததாவும் இருக்கலாம். கொப்பி எண்டு சொல்ல அது போதாது. அதில இருந்து எடுக்கக் கூடியது வேற: லிலியல் எண்டது லில்லிப் பூ மணத்துக்கான சாமான், பூ மணப் போத்தல்களில நிறையப் போனது. பழைய போத்தலப் பாவிச்ச ஒருவர் "பூ நல்லாக் கேக்கும்" எண்டும், புதுப் போத்தல் எடுத்தவர் "பூவே இல்ல, பழம்தான்" எண்டும் சொன்னா ரெண்டு பேரும் பொய் சொல்லாம இருக்கலாம். எந்த வருசப் போத்தல் எண்டு கேட்காம மற்றவங்கட தீர்ப்ப எடுக்க வேணாம்.

ஜூன் 24

நாலு மணித்தியாலம் கழிச்சு, அடி மணத்தில மூண்டு துண்டுச் சோதனை. இதுதான் பெறுமதியான இடம், முதலே எழுதியிருக்கணும். அடிச்ச உடன ரெண்டையும் பிரிக்கிறது சின்னப் பிள்ளைக்கும் ஏலும். நாலு மணித்தியாலத் துண்டுகளையும் ஆறுக்கு அஞ்சு தரம் பிரிக்க ஏலுமெண்டா அடியும் வேற, அப்ப உறவு பேரளவில மட்டும்.

கூல் வோட்டர் சோடியில அடியும் பிரியுது. ஒரு பக்கம் வறண்ட மரமும் அம்ப்ரொக்சானும், மறு பக்கம் பவுடர் பூசின மாதிரி மஸ்க், வனிலா.

ஆனா பிரிக்க ஏலாட்டி ஒண்டெண்டு முடிவெடுக்க வேணாம். பெரிய மூலக்கூறு மஸ்க்குகள் சிலருக்கு மூக்கில ஏறாது. மற்ற எல்லா மணமும் கேக்கும், குறிப்பிட்ட ஒரு மஸ்க் மட்டும் கேக்காது. அம்ப்ரொக்சானும் சிலருக்கு மெல்லிசாத்தான் கேக்கும். "நாலு மணித்தியாலத்தில போயிட்டு" எண்டு சொல்ற ஆளுக்குப் பக்கத்தில நிக்கிறவருக்கு இன்னும் மணக்கும். அதால அடி மணத்துக்கு ஒரு மூக்கு போதாது, ரெண்டு வேணும். வீட்டில ஒருவரக் கூப்பிட்டுக் கையக் காட்டிக் கேளுங்க, சென்ட் பேரச் சொல்லாம.

ஜூன் 25

"அப்ப நான் ஆம்பிளைப் போத்தலையே அடிச்சா என்ன" எண்டு கேட்டிருக்கீங்க. ஒண்டுமில்ல. தோலுக்கு ஆண், பெண் எண்டு தெரியாது, எண்ணெய்த் தோல், காய்ஞ்ச தோல் எண்டுதான் தெரியும். கச்சான் மாதங்களுக்கு ஆம்பிளைப் போத்தல்தான் நல்லா நிக்கும் எண்டு 13ஆம் திகதி எழுதினதில மாத்தமில்ல. ஒரு குறை: ரெண்டு அடிக்கு மேல போனா சவர்க்காரத் தூள் பக்கம் சாயும். கல்முனை பஸ்ஸில யன்னல் திறந்திருந்தாப் பரவாயில்ல, பூட்டின அலுவலக அறையில பக்கத்துக் கதிரைக்குத் தலையிடிக்கும்.

ஜூன் 30

கேட்ட கேள்விக்கு மறுமொழி. உறவு: தூரத்து மச்சாள், தண்ணி எண்ட எண்ணம் மட்டும் பொது. தன்னளவில: 15 நிமிசம் தொடக்கம் ரெண்டு மணித்தியாலம் வரைக்கும் உள்ள நடுப் பகுதி, வெள்ளரியும் தாமரையும், காசுக்குப் பெறுமதி. அதுக்குப் பிறகு வாறது எந்தப் போத்தலிலயும் கிடைக்கிற இனிப்பு மஸ்க். ஒலிம்பியா மாதிரி ஒரு முகம் இதுக்கு அடியில இல்ல.

எடுக்கிறதெண்டா 30 மில்லி எடுங்க, 100 வேணாம். ஒரு அடி கிட்டத்தட்ட 0.1 மில்லி எண்டு வச்சா 30 மில்லியில 300 அடி, நாளுக்கு மூண்டு எண்டா நூறு நாள். உங்கட போத்தல் எவ்வளவு தள்ளுது எண்டு பார்க்க, நகைத் தராசில வச்சு நிறை எடுத்து, 20 தரம் அடிச்சுத் திரும்ப நிறுங்க. 1.6 கிராம் அளவில குறைஞ்சா அடிக்கு 0.1 மில்லி. தகரக் கூரை அறையில மேசைக்கு மேல வைக்க வேணாம், பெட்டியோட அலுமாரிக்குள்ள, கீழ்த் தட்டில. இப்ப வாங்கினா பெட்டிய மூடி ஐப்பசி வரைக்கும் வையுங்க.

ஜூன் 30, இரவு

"ஐப்பசி வரைக்கும் பொறுக்க ஏலாது" எண்டா விடியக்காலை ஆறு மணிக்கு அடிங்க.